பிரெக்ஸிட்: என்ன வேண்டும் என்று முடிவெடுக்காமலே பேசப் போனவர்கள்

கேள்வி இதுதான்: "பொதுவாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூனில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது, அதாவது பிரெக்ஸிட், 2020 ஜனவரியில். நடுவில் இவ்வளவு காலம் என்னதான் பேசினார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் வேண்டுமென்றே இழுத்தடித்ததா?"

இல்லை. ஒன்றியம் கறாராக இருந்தது, சில இடங்களில் தேவைக்கு மேலேயே கறாராக இருந்தது, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் அந்த மூன்றரை வருடத்தில் பெரும்பகுதி பிரிட்டன் பிரஸ்ஸல்ஸோடு (ஒன்றியத்தின் தலைமையகம் அங்கேதான்) பேசிய காலமே இல்லை, பிரிட்டன் அமைச்சரவை தனக்குள் பேசி முடிக்காத விஷயத்தை பிரஸ்ஸல்ஸில் போய்ப் பேச முயன்ற காலம். எதிராளியிடம் என்ன கேட்பது என்று தெரியாதவர்கள் கெடு ஓட ஆரம்பித்த பிறகு உட்கார்ந்து யோசித்தார்கள். மற்ற கூத்தெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

முதலில் வாக்குச்சீட்டு. ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா, அவ்வளவுதான் அதில் இருந்தது. 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விதிகளின்கீழ் சரக்கும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது; அதற்கு விலை, ஐரோப்பியர்கள் தாராளமாக வந்து வேலை பார்க்கலாம், ஒன்றியம் போடும் விதிகளை வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். துருக்கி சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருக்கிறது, அதாவது தங்களுக்குள் தீர்வை இல்லை, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே தீர்வை. கனடாவுக்கு வெறும் வர்த்தக ஒப்பந்தம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வாழ்க்கை. பிரச்சாரத்தில் இவை எல்லாவற்றையும் ஆளுக்கு ஒன்றாக வெவ்வேறு நாளில் காட்டினார்கள். சரி, அரசாவது ஏதாவது யோசித்து வைத்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. வெளியேறும் தரப்பு ஜெயித்தால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் போட வேண்டாம் என்பதுதான் அப்போதைய பிரதமர் கேமரூன் அரசின் முடிவு. வாக்கெடுப்பு முடிவு வந்த அன்று காலையே அவர் ராஜினாமாவை அறிவித்துவிட்டார்.

அடுத்துப் பிரதமராக வந்த தெரசா மே, 'பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்' என்ற வசனத்தோடு சில மாதம் ஓட்டினார். 2016 அக்டோபரில் பர்மிங்ஹாமில் நடந்த கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில், அடுத்த மார்ச்சுக்குள் ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவின்கீழ் விலகல் நோட்டீஸ் கொடுப்போம், ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து முழுதாக வெளியே வருவோம் என்று அறிவித்தார். அந்த இரண்டாவது வாக்கியம் கேட்க உணர்ச்சிப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் ஒற்றைச் சந்தை என்பதே பொதுவான விதிகளும் அவற்றுக்குப் பொருள் சொல்ல ஒரே நீதிமன்றமும்தான். நீதிமன்றம் வேண்டாம் என்று சொன்ன நிமிடமே நார்வே வழி மூடிவிட்டது. நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹாமண்டே அதை மேடைப் பேச்சில்தான் முதல்முறையாகக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார். நாட்டின் பொருளாதாரத்தைத் திசை திருப்பும் முடிவு, நிதியமைச்சருக்குப் பார்வையாளர் வரிசையில் வைத்துத் தெரிகிறது! 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் மிச்சத்தையும் சொன்னார்: ஒற்றைச் சந்தையில் இருக்க மாட்டோம், சுங்க ஒன்றியத்திலும் முழு உறுப்பினராக இருக்க மாட்டோம், மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தமே இல்லாதது மேல்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பிரஸ்ஸல்ஸில் பிரிட்டனின் தூதராக இருந்த சர் ஐவன் ராஜர்ஸ் ராஜினாமா செய்திருந்தார். ஒன்றியம் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பிரிட்டனில் மிக நன்றாகத் தெரிந்த ஒருசிலரில் ஒருவர். வர்த்தக ஒப்பந்தம் முடிய பத்து வருடம்கூட ஆகலாம் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என மேலிடத்துக்குச் சொன்னதற்காகப் பத்திரிகைகளில் அடி வாங்கியவர். சகாக்களுக்கு அனுப்பிய விடைபெறும் மின்னஞ்சலில், அரசின் பேச்சுவார்த்தை இலக்குகள் என்னவாக இருக்கும் என்று இன்னும் நமக்கே தெரியாது என எழுதியிருந்தார். கெட்ட செய்தி கொண்டுவருபவரை அவநம்பிக்கைவாதி என்று முத்திரை குத்தி ஓரங்கட்டும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இந்த 50ஆவது பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வருடம். அதற்குள் ஒப்பந்தம் முடியவில்லை என்றால் எதுவுமே இல்லாமல் வெளியே. காலத்தை நீட்டிக்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஆக, நோட்டீஸை எப்போது கொடுப்பது என்பதுதான் வெளியேறும் நாட்டின் கையில் இருக்கும் ஒரே துருப்புச்சீட்டு. கொடுத்த பிறகு கடிகாரம் எதிர்த்தரப்புக்காக ஓடும். (இதன் வரைவை எழுதியதில் முக்கியமானவர் ஜான் கெர் என்கிற பிரிட்டிஷ் ராஜதந்திரிதான்.) மே அந்தச் சீட்டை 2017 மார்ச் 29 அன்று போட்டார், கையில் திட்டம் இல்லாமல். அப்புறம் மூன்று வாரத்தில் பொதுத்தேர்தல் அறிவித்தார். கெடு ஓடிக்கொண்டிருக்க, ஏறக்குறைய ஏழு வாரம் பிரச்சாரத்தில் போனது. ஜூன் 8 அன்று இருந்த பெரும்பான்மையும் போனது. பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்னும் வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்களை நம்பித்தான் ஆட்சி என்ற நிலை.

அதே காலத்தில் அந்தப் பக்கம் என்ன நடந்தது? 27 நாடுகளின் தலைவர்கள் 2017 ஏப்ரல் 29 அன்று கூடி, சில நிமிடங்களில் ஒரே குரலில் பேச்சுவார்த்தை வழிகாட்டுதல்களை நிறைவேற்றிவிட்டார்கள். ஒன்றியத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிஷேல் பார்னியே ஒவ்வொரு தலைநகராகப் போய்ப் பேசினார். நிலைப்பாட்டுக் குறிப்புகளை இணையத்தில் பகிரங்கமாகவே வெளியிட்டார்கள். முதலில் மூன்று விஷயம் முடிய வேண்டும், அதாவது குடிமக்கள் உரிமை, பிரிட்டன் கட்ட வேண்டிய பணம், அயர்லாந்து எல்லை. அதற்கு அப்புறம்தான் வர்த்தகம். இந்த வரிசையை எதிர்த்து அந்தக் கோடை முழுக்கச் சண்டை போடப் போவதாக பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸ் சொல்லியிருந்தார். ஜூன் 19, பேச்சின் முதல் நாளிலேயே ஒத்துக்கொண்டு வந்தார்.

நான் மேலே சொன்ன தேவைக்கு மேலான கறார் இதுதான். எதிர்கால வர்த்தகம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் அயர்லாந்து எல்லையை எப்படி முடிவு செய்வது? சுங்கமும் விதிகளும் ஒன்றாக இருந்தால் எல்லையில் பிரச்சினையே இல்லை, வேறாக இருந்தால்தான் பிரச்சினை. இரண்டையும் பிரித்து வரிசை போட்டது ஒன்றியத்துக்கு வசதி, தர்க்கத்துக்குப் பொருந்தாது. இதில் பிரிட்டனின் புகார் நியாயமானது. ஆனால் நியாயமான புகாரை ஒரே நாளில் கைவிட்டார்கள் என்றால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க அவர்களிடம் மாற்றுத் திட்டம் இல்லை என்றுதானே பொருள்.

அடுத்த மாதம் ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது. மேசையின் ஒரு பக்கம் பார்னியே குழு, முன்னால் கட்டுக்கட்டாகக் காகிதம். எதிர்ப்பக்கம் டேவிஸ் குழு, முன்னால் காகிதக் கட்டு எதுவும் இல்லை. காகிதத்தை வைத்து ஒரு குழுவை எடைபோடுவது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே டேவிஸ், துறைவாரியாக விலாவாரியான ஆய்வுகள் இருப்பதாகப் பல மாதம் பேசிவிட்டு, நாடாளுமன்றம் அவற்றைக் கேட்டபோது, 2017 டிசம்பரில் எம்.பி.க்கள் குழு முன் உட்கார்ந்து அப்படிப் பாதிப்பு மதிப்பீடு எதுவும் செய்யவில்லை என்றார். புகைப்படத்தை மறக்கலாம், இதை மறக்க முடியாது.

இனி அயர்லாந்து. முழுக் கதையும் இங்கேதான் முட்டி நிற்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தின் உறுப்பு நாடான அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கு மேற்பட்ட சாலைகள். வடக்கு பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற முப்பது வருட வன்முறையில் 3,500 பேருக்கு மேல் செத்த பிறகு, 1998இல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகு எல்லையில் ராணுவக் காவல் கோபுரங்கள் போய்விட்டன. இரண்டு பக்கமும் ஒற்றைச் சந்தைக்குள் இருந்ததால் சுங்கச் சாவடிக்கு ஏற்கெனவே வேலை இல்லை. டப்ளினில் காய்ச்சிய கின்னஸ் பீர் டேங்கர் லாரியில் பெல்ஃபாஸ்ட் போய், அங்கே டப்பாவிலும் பாட்டிலிலும் அடைபட்டு, திரும்ப டப்ளின் துறைமுகம் வந்து ஏற்றுமதியாகும். வடக்கே கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெற்கே போய்ப் பதப்படுத்தப்படுகிறது. லாரி ஓட்டுநருக்கு எல்லை தாண்டியது தெரிவதே சாலைப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வருவதால்தான்.

மே அரசு மூன்று வாக்குறுதி கொடுத்தது. பிரிட்டன் முழுவதும் ஒற்றைச் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் வெளியே வரும். அயர்லாந்துத் தீவின் நில எல்லையில் எந்தச் சோதனையும் இருக்காது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் நடுவே கடலிலும் எந்தச் சோதனையும் இருக்காது. இதில் எந்த இரண்டு வேண்டுமானாலும் கிடைக்கும், மூன்றும் சேர்ந்து கிடைக்காது. இரண்டு பகுதிகளில் தீர்வையும் உணவு விதியும் வேறு வேறாக இருந்தால் சரக்கை எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் ஆக வேண்டும், நிலத்தில் அல்லது கடலில். கேமரா வைக்கலாம், கணினியிலேயே முடித்துவிடலாம் என்று ஒரு கூட்டம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. நார்வேயும் ஸ்வீடனும் எவ்வளவு நெருக்கமான நாடுகள்! அவற்றின் எல்லையிலேயே சுங்கச் சாவடி இருக்கிறது, லாரி நிற்கிறது.

ஆக, ஒன்றை விட வேண்டும். முதலாவதை விட்டால் கன்சர்வேட்டிவ் கட்சி உடையும். இரண்டாவதை விட்டால் அயர்லாந்துக் குடியரசு ஒப்புக்கொள்ளாது, அதன் பின்னால் 26 நாடுகள் நிற்கின்றன. மூன்றாவதை விட்டால் டி.யு.பி. ஆட்சியைக் கவிழ்க்கும். மே எதையும் விடவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இதன் விளைவை ஒரே வாரத்தில் பார்க்கலாம். 2017 டிசம்பர் 4, திங்கள்கிழமை. முதல்கட்ட உடன்பாட்டை முடிக்க மே பிரஸ்ஸல்ஸ் போய் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கரோடு மதிய உணவுக்கு உட்கார்ந்திருக்கிறார். வட அயர்லாந்து ஒன்றிய விதிகளோடு ஒத்துப்போகும் என்ற வாசகம் அதற்குள் கசிந்துவிட்டது. டி.யு.பி. தலைவி ஆர்லீன் ஃபாஸ்டர் பெல்ஃபாஸ்டில் கேமரா முன் நின்று ஏற்க முடியாது என்கிறார். மே சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போய் ஃபாஸ்டரிடம் போனில் பேசுகிறார். பலனில்லை, வெறுங்கையோடு லண்டன் திரும்பினார். தன் ஆட்சியைத் தாங்கிப் பிடிக்கும் கட்சியிடம் வாசகத்தைக் காட்டி ஒப்புதல் வாங்காமல் விமானம் ஏறியிருக்கிறார், இதற்கு பார்னியேயைக் குற்றம் சொல்ல முடியுமா? நான்கு நாள் கழித்து வெளிவந்த கூட்டறிக்கையில் 49ஆவது பத்தி, வேறு தீர்வு கிடைக்காவிட்டால் பிரிட்டன் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றிய விதிகளில் தேவையானவற்றோடு முழுதாக ஒத்துப்போகும் என்றது. 50ஆவது பத்தி, வட அயர்லாந்துக்கும் மற்ற பகுதிக்கும் நடுவே புதிய தடை வராது என்றது. மோதலைத் தீர்க்கவில்லை, அடுத்தடுத்த பத்தியில் எழுதிவைத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு நாளில், ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சியில் டேவிஸ், இது சட்டப்படி கட்டுப்படுத்துவதைவிட ஒரு நோக்க அறிவிப்புதான் என்ற தொனியில் பேசினார். பிரஸ்ஸல்ஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் வாய்வார்த்தையை நம்ப மாட்டோம் என்று 2018 பிப்ரவரி 28 அன்று சட்ட வரைவாகவே போட்டுவிட்டார்கள். அதில் வட அயர்லாந்து மட்டும் ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள். எந்த பிரிட்டிஷ் பிரதமரும் இதற்குச் சம்மதிக்க முடியாது என்றார் மே.

அந்த வருடத்தின் மே மாதத்தில் அமைச்சரவை இரண்டு சுங்கத் திட்டங்களுக்கு நடுவே பிளந்து நின்றது. ஒன்றில் ஐரோப்பாவுக்கான தீர்வையை பிரிட்டனே தன் துறைமுகத்தில் வசூலித்துக் கொடுக்கும், இன்னொன்றில் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். எது நல்லது என்று ஆராய அமைச்சர்களையே இரண்டு குழுவாகப் பிரித்தார் பிரதமர். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே நடக்காது என்று பிரஸ்ஸல்ஸ் முன்பே சொல்லியிருந்தது. நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து மாதம் கழித்து, 2018 ஜூலை 6 அன்றுதான் பிரதமரின் கிராமத்து இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் எல்லோரையும் உட்காரவைத்து, கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, முதல்முறையாக ஒரு முழுத் திட்டம் உருவானது. மூன்று நாளுக்குள் டேவிஸும் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் ராஜினாமா. செப்டம்பரில் சால்ஸ்பர்க்கில் ஒன்றியத் தலைவர்கள் அந்தத் திட்டத்தின் வர்த்தகப் பகுதியை நிராகரித்தார்கள். தெரசா மேயிடம் கேக் தட்டை நீட்டும் படத்தை ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் இன்ஸ்டாகிராமில் போட்டு, செர்ரி இல்லை (பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது) என்று கிண்டல் வேறு செய்தார். அது சின்னத்தனம், அவசியமே இல்லை.

கடைசியில் நவம்பரில் வந்தது 585 பக்க விலகல் ஒப்பந்தம். அதில் 'பேக்ஸ்டாப்' ஏற்பாட்டின்படி, மாற்றுவழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதுமே ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியில் இருக்கும். என்னைக் கேட்டால் பிரிட்டன் தரப்பு வாங்கிய பெரிய சலுகை இது: பணம் கட்டாமல், ஆட்கள் தாராளமாக வருவதை ஏற்காமல், தீர்வையில்லாச் சந்தை. ஆனால் தானாக வெளியேற வழியில்லை என்பதால் கட்சிக்குள் பொறி என்றார்கள். டேவிஸுக்குப் பதில் வந்த டாமினிக் ராப், தானே நடத்திய பேச்சின் முடிவை ஏற்க முடியாமல் ராஜினாமா செய்தார். இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் டோவர்–கலே கடல்வழியை நாடு எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்பது தனக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்று ஒரு வாரம் முன்புதான் சொல்லியிருந்தார். பேச்சுவார்த்தைக்குப் பொறுப்பான அமைச்சர்!

2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்ற வாக்கெடுப்பில் ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் இவ்வளவு பெரிய தோல்வி கண்டதில்லை. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று நாடாளுமன்றத்தையே கேட்டபோது மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளுக்கு வாக்கெடுத்தார்கள், எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. சில நாளில் மறுபடி எடுத்தபோது சுங்க ஒன்றிய யோசனை 3 ஓட்டில் போனது.

இதற்கு நடுவே, ஒப்பந்தம் இல்லாமலே போய்விடுவோம் என்று மிரட்டும் வேலையும் நடந்தது. மிரட்டல் பலிக்க வேண்டுமென்றால் தயாராக இருப்பதாகவாவது காட்ட வேண்டும். கூடுதல் கப்பல் போக்குவரத்துக்காக சீபோர்ன் ஃப்ரெய்ட் என்ற நிறுவனத்துக்கு 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள், அதனிடம் ஒரு கப்பல்கூட இல்லை. கெண்ட் மாவட்டத்தில் லாரி நெரிசல் ஒத்திகைக்கு 150 லாரி எதிர்பார்த்தார்கள், வந்தது 89. இதையெல்லாம் எதிர்த்தரப்பும் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருந்தது.

இதில் தமிழர்களுக்கும் நேரடியாகப் பட்ட ஒன்று உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று அகதியாகப் போய்க் குடியுரிமை வாங்கி, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் பிறகு பிரிட்டனுக்கு இடம் மாறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள் அங்கே இருந்தது ஐரோப்பியக் குடிமக்கள் என்ற உரிமையில். பல வருடமாக இருக்கும் வீட்டில் தொடர்ந்து இருக்க விண்ணப்பம் போட வேண்டிய நிலை வந்தது. முதலில் அதற்கு ஆளுக்கு 65 பவுண்டு கட்டணம் என்று சொல்லி, 2019 ஜனவரியில்தான் ரத்து செய்தார்கள். இத்தனைக்கும் ஒன்றியம் முதலில் முடிக்கச் சொன்ன மூன்று விஷயங்களில் ஒழுங்காக நடந்தது இந்தக் குடிமக்கள் உரிமைதான்.

ஜான்சன் 2019 ஜூலையில் பிரதமரானார். நாடாளுமன்றத்தை முடக்கியதும், அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னதும், தன் கட்சி எம்.பி.க்கள் 21 பேரை வெளியே தள்ளியதும் தனிக்கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் முட்டுக்கட்டையை உடைத்த விதம். அக்டோபரில் அயர்லாந்துப் பிரதமர் வரட்கரைச் சந்தித்த ஒரு வாரத்தில் ஒப்பந்தம் வந்துவிட்டது. எப்படி? மூன்று வாக்குறுதியில் மூன்றாவதை விட்டுவிட்டார், சோதனை கடலுக்குப் போனது. மே நிராகரித்த 2018 பிப்ரவரி வரைவின் நெருங்கிய சொந்தம்தான் அது. ஒரு வருடம் முன்பு டி.யு.பி. மாநாட்டுக்கே போய், எந்த கன்சர்வேட்டிவ் அரசும் இப்படி ஒரு ஏற்பாட்டில் கையெழுத்திடக் கூடாது என்று கைதட்டல் வாங்கியவர் இதே ஜான்சன். அதைக்கூட நான் தப்பாகச் சொல்ல மாட்டேன், ஏதோ ஒன்றை விட்டே ஆக வேண்டும், விட்டார். விட்டதை ஒப்புக்கொள்ளாததுதான் தப்பு. தேர்தல் நேரத்தில் வட அயர்லாந்து வியாபாரிகளிடம், யாராவது படிவம் நிரப்பச் சொன்னால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று சொன்ன வீடியோ இன்னும் சுற்றுகிறது. படிவம் வந்தது. அடுத்த செப்டம்பரில், தாங்கள் கொண்டுவரும் மசோதா சர்வதேசச் சட்டத்தை 'குறிப்பிட்ட, வரம்புக்குட்பட்ட' விதத்தில் மீறும் என்று அவருடைய அமைச்சர் பிராண்டன் லூயிஸ் சபையிலேயே சொன்னார்.

வெளியேறிய பிறகு பேசிய வர்த்தக ஒப்பந்தம் 2020 டிசம்பர் 24 அன்று முடிந்தது, ஆயிரத்துச் சொச்சம் பக்கம், 30ஆம் தேதி ஒரே நாளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பேச்சில் கடைசிவரை இழுத்தது மீன். பிரிட்டன் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நிதிச் சேவைகளுக்கு, அதாவது லண்டனின் உண்மையான சம்பாத்தியத்துக்கு, அந்த ஒப்பந்தத்தில் உருப்படியாக எதுவும் இல்லை.

ஒன்றியமும் அயர்லாந்து விஷயத்தில் ஒரு தடவை சறுக்கியது. 2021 ஜனவரி 29 அன்று கோவிட் தடுப்பூசிச் சண்டையில், ஒரு தரப்பு தானாகவே நடவடிக்கை எடுக்க இடம் தரும், எல்லை ஏற்பாட்டின் 16ஆவது பிரிவைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்து, எல்லாத் தரப்பும் கொதித்ததும் அன்று இரவுக்குள் பின்வாங்கியது. அயர்லாந்து அமைதிக்காகத்தான் எல்லாம் என்று நான்கு வருடம் சொன்னவர்களுக்கு அது நல்ல தலைகுனிவு.

கடல் எல்லையை எதிர்த்து டி.யு.பி. 2022 பிப்ரவரியில் அங்குள்ள கூட்டணி அரசிலிருந்து வெளியேறியதால் வட அயர்லாந்தில் இரண்டு வருடம் அரசே இல்லை. 2023இல் அப்போதைய பிரதமர் சுனக் ஒன்றியத்தோடு போட்ட விண்ட்சர் ஏற்பாட்டில், வட அயர்லாந்துக்குள்ளேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி. 2025 மே மாதத்தில் ஸ்டார்மர் அரசு, இந்தச் சோதனைகளைக் குறைக்க உணவு, விலங்கு, தாவர விதிகளில் ஒன்றியத்தைப் பின்பற்றி நடக்கும் ஒரு ஒப்பந்தத்துக்குக் கொள்கையளவில் சம்மதித்தது. அந்த விதிகளில் தகராறு வந்தால், ஒன்றியச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் கடைசி அதிகாரம் பர்மிங்ஹாம் மேடையில் மே வேண்டாம் என்ற அதே ஐரோப்பிய நீதிமன்றத்துக்குத்தான்.